58

ஜூன் 3
காலை சுகர் மாத்திரை போட்டாயிற்று. மதியச் சாப்பாடுதான் வேலையில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இரண்டரை மணி இருக்கும், மகள் வந்து பேனா கேட்டாள். ஒரு பேனாவுக்கு அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். அவள் பயப்படவில்லை, "அப்பா, உங்க சட்டையப் பாருங்க" என்றாள். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன், முதுகு தொப்பலாக நனைந்திருக்கிறது.

சுகர் பார்க்க மீட்டரை எடுத்தேன். கை நடுக்கத்தில் முதல் ஸ்ட்ரிப் வீண். அடுத்ததில் 58. 70-க்குக் கீழே போனாலே லோ சுகர். 54-க்குக் கீழே என்றால் விஷயம் பெரிது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்தேன். கால் மணி கழித்து 61. இன்னொரு மூன்று ஸ்பூன். 64. போன வருஷம் இதே சர்க்கரைத் தண்ணீருக்குச் சட்டென்று ஏறியதே?

ஜூன் 5
டாக்டர் பதில் சொல்லவில்லை, மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். க்ளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ். ஒரே மாத்திரைக்குள் மூன்று ஆள். ஆறு மாதமாக விழுங்குகிறேன், இன்றைக்குத்தான் படிக்கிறேன்.

சுகரை இறக்கியது க்ளிமிபிரைடு. கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைப்பது அதன் வேலை. சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. ஏறவிடாமல் பிடித்துவைத்தது வோக்ளிபோஸ். நாம் கரைத்துக் குடிக்கிற சர்க்கரை குடலில் உடைந்தால்தான் குளுக்கோஸ் கிடைக்கும். அந்த உடைக்கிற வேலையையே இது மந்தமாக்கிவிடுமாம். என் ஆறு ஸ்பூனும் குடலிலேயே வரிசையில் நின்றிருக்கிறது! இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் கையில் இருக்க வேண்டியது குளுக்கோஸ் பொடி. அதற்கு உடைபடும் வேலையே இல்லை. சாக்லேட்டும் கூடாது, கொழுப்பு சேர்ந்திருப்பதால் தாமதமாகும்.

மாத்திரையை மாற்றும்போதே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேன். சிரித்தார்.

ஜூன் 8
குளுக்கோஸ் பொடியைத் தராசில் 15 கிராம் வீதம் பொட்டலம் கட்டினோம். சட்டைப்பை, வண்டி, தலைமாடு. சுகர் இறங்கினால் ஒரு பொட்டலம் சாப்பிட்டுவிட்டு 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொன்று.

"மயங்கிட்டீங்கன்னா வாயில கரைச்சு ஊத்தட்டுமா?" என்றாள் மனைவி. ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஜூன் 15
சாயங்காலம் உற்சாகத்தில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு ஏதோ கெட்ட கனவு. விழித்தால் தலையணை ஈரம். 63. பொட்டலத்தைப் பிரித்து, பாதியைப் போர்வையில் கொட்டி, மீதியை வாயில் போட்டு, இன்னொன்றையும் பிரித்தேன். கால் மணியில் 92. விடிய நேரம் இருந்ததால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். நடந்த நடை ராத்திரி வரைக்கும் சுகரை இழுக்கும் என்பது கேள்விப்பட்டதுதான்.

ஜூன் 16
இரண்டு தடவை இறங்கியதைச் சொன்னதும் டாக்டர் க்ளிமிபிரைடு அளவை 2 மில்லிகிராமிலிருந்து 1 ஆகக் குறைத்தார். நானாகக் குறைத்துவிடவில்லையே என்றும் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 22
கணக்கு உதைத்ததில் மகளிடம் எரிந்து விழுந்தேன். ஒன்றும் பேசாமல் மீட்டரைக் கொண்டுவந்து நீட்டினாள். 134. வெறும் கோபம்தான்.