பெடல் இல்லாத சைக்கிளுக்கு நாலாயிரமா?

பெட்டியைப் பிரித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான். சென்னை ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் எங்கே வெல்டிங், எத்தனை போல்ட் என்று பார்த்துவிட்டுத்தான் விலையைக் கேட்பார். இந்தப் பெட்டியிலிருந்து வந்தது ஒரு ஃபிரேம், இரண்டு சக்கரம், ஒரு சீட், ஒரு ஹேண்டில்பார். செயின் இல்லை, பெடல் இல்லை, பிரேக்கும் இல்லை. விலை 4,200 ரூபாய். கூடத்தில் தரையில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாமல் ஸ்பேனர் எடுக்க உள்ளே போனார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கல் வாரம் அது. மகளுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். இப்போது நான்கு வயது தாண்டிவிட்டாள், பெடல் சைக்கிள் ஓட்டுகிறாள். அவள் சைடு வீல் இல்லாமல் ஓட்டுவதைப் பார்த்து எங்கள் அபார்ட்மெண்டிலும் பள்ளி வாசலிலும் ஏழெட்டு பேராவது கேட்டுவிட்டார்கள்: "பேலன்ஸ் பைக் வாங்கலாமா? காசுக்குத் தகுமா?" அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்த அந்த வண்டிதான் பேலன்ஸ் பைக்: பெடல் இல்லாமல், பிள்ளை தரையைக் காலால் உந்தி ஓட்டுவது. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லியிருக்கிறேன். முழுசாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தகும். ஆனால் சென்னையில் அதை ஓட்ட ஒரு தரை வேண்டும். அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் எடையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் முடிவெடுத்தது அதை வைத்துத்தான். என் அக்கா வீட்டில் 12 இஞ்ச் சைக்கிள் ஒன்று சும்மா கிடந்தது. இரும்பு ஃபிரேம், சைடு வீல், முன்னால் கூடை, பின்னால் கேரியர் எல்லாம் உண்டு. "எதுக்குப் புதுசு? இதை எடுத்துட்டுப் போ" என்றாள் அக்கா. எடுத்துவந்தேன். மகள் ஏறி உட்கார்ந்தாள், பெடலை ஒரு மிதி மிதித்தாள், வண்டி அசையவில்லை. இறங்கித் தள்ளப் பார்த்தாள், அதுவும் முடியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நான் எடை பார்க்கும் மெஷினில் ஏறினேன், பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்தேன். 8 கிலோ 200 கிராம். மகளின் எடை அப்போது பதினொன்றரை கிலோ. 60 கிலோ உள்ள ஒருவர் கிட்டத்தட்ட 43 கிலோ வண்டியைத் தள்ளுவதற்குச் சமம் அது. பேலன்ஸ் பைக்கின் எடை 3 கிலோ 400 கிராம். குழந்தையின் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள் என்பார்கள், கிட்டத்தட்ட அந்தக் கணக்கில் வந்தது. கீழே விழுந்த வண்டியை அவளே நிமிர்த்திவிடுவாள். அந்த வயதுக்கு இது பெரிய விஷயம். விழுந்ததும் "அம்மா" என்று கூப்பிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை, தூக்கி நிறுத்திவிட்டு மறுபடி ஏறலாம்.

சைடு வீல் பற்றி அப்பாவுக்கும் எனக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. "எல்லாப் பிள்ளைகளும் அதிலேதானம்மா கத்துக்கிட்டாங்க" என்பது அவர் கட்சி. மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது, நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அயனாவரத்தில் மணிக்கு நாலணா கொடுத்து எடுத்த வாடகை சைக்கிளில். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள், சீட் இவர் நெஞ்சு உயரத்துக்கு இருந்ததாம். பக்கத்தில் நின்று இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலால் தரையை உந்தி உந்தி தெருக்கோடி வரை போவார்கள். பல நாள் அப்படியே போனபின் ஒருநாள் வலது காலைத் தரையில் வைக்காமலே வண்டி போனதாம். அதற்கப்புறம்தான் பாருக்கு அடியில் காலை நுழைத்து அரைப் பெடல். அதற்கும் அப்புறம்தான் சீட்.

"அப்போ நீங்க முதல்ல கத்துக்கிட்டது பெடல் இல்லையேப்பா, பேலன்ஸ்தானே?" என்றேன்.

டம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் அவரே எனக்கு விளக்க ஆரம்பித்தார், கையையே ஹேண்டில்பாராக வைத்துக்கொண்டு. இரண்டு சக்கர வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போதுதான் சக்கரம் சாய்கிற உடம்புக்கு அடியில் வந்து நிற்கும். சைக்கிள் ஓட்டுகிற நாம் எல்லோரும் இதை நொடிக்கு நொடி செய்துகொண்டே இருக்கிறோம், செய்கிறோம் என்பதே தெரியாமல். சைடு வீல் வைத்த வண்டி சாயவே சாயாது. சாயாத வண்டியில் இந்தத் திருத்தத்தை உடம்பு எப்படிப் பழகும்? வளைவில் வேகமாகத் திருப்பினால் பிள்ளை வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறது, உட்பக்கம் சாய்வதற்கு வழியில்லை. சைடு வீலைக் கழற்றும் நாளில் அதுவரை பழகியதை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் தெருவில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு சைடு வீலும் மேட்டில் நின்றுவிட்டால் பின்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், பிள்ளை என்னதான் மிதித்தாலும் வண்டி நகராது.

அன்று மாலை அவருக்கு இன்னொன்றும் சொன்னேன். உலகத்தின் முதல் இரு சக்கர ஓட்டு வண்டிக்கே பெடல் கிடையாது. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தால் செய்தார், தரையைக் காலால் உந்தியே ஓட்டினார். பெடல் வைத்த வண்டி பிரான்சில் பரவியது 1860-களில். நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல். "அப்படியா!" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தில், வண்டிக்கு வீட்டில் இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

சீட் உயரம்தான் பலரும் தவறவிடுவது. குழந்தையைச் சுவரோரம் வெறுங்காலுடன் நிற்கவைத்து, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே முட்டும்வரை வைத்து, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். மகளுக்கு 34 செ.மீ. வந்தது. சீட் அதைவிட இரண்டு மூன்று செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கி இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிகிற மாதிரி. நாங்கள் வாங்கிய வண்டியின் மிகக் குறைந்த சீட் உயரம் 31. நல்லவேளை. வண்டி எத்தனை வயதுக்கு என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், குறைந்தபட்ச சீட் உயரம் எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்குக் குழந்தையையே கூட்டிப்போனால் இன்னும் நல்லது. நுனிக்காலில் நிற்கிற பிள்ளைக்கு வண்டிமேல் நம்பிக்கை வராது.

முதல் மூன்று வாரம் அவள் சீட்டில் உட்காரவே இல்லை. வண்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நடந்தாள், அவ்வளவுதான். நாலாயிரம் ரூபாய் வீண் என்று என் கணவர் சொல்லவில்லை, ஆனால் எனக்கே தோன்றியது. அப்பாதான் "விடும்மா, பழகுறா" என்றார். இரண்டாம் மாதம் உட்கார்ந்து நடந்தாள். மூன்றாம் மாதம் ஓட்டம். ஏப்ரல் மாதத்து ஒரு காலையில், வெயில் ஏறும் முன், ஐ.சி.எஃப் குடியிருப்புச் சாலையில் நான்கு எட்டு ஓடிவிட்டு இரண்டு காலையும் தூக்கினாள். பத்தடி தூரம் இருக்கும். சத்தமே இல்லாமல் போனாள். திரும்பிப் பார்த்து எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை, மறுபடி ஓடினாள். அன்று காலை அதை எத்தனை தடவை செய்தாள் என்று எண்ணவில்லை.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது வில்லிவாக்கத்தில். வீட்டு வாசலில் பேவர் பிளாக், அதில் பாதி எழும்பி நிற்கிறது. தாண்டினால் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடிய மேடு, அதற்கப்புறம் வரிசையாக நிறுத்திய கார்கள், நடுவில் இருக்கும் இடத்தில் ஆட்டோவும் தண்ணீர் லாரியும். இங்கே மூன்று வயதுப் பிள்ளையை வண்டியோடு இறக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஒரு பூங்காவுக்குப் போனோம், சைக்கிள் உள்ளே கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நடைபயிற்சி செய்யும் பெரியவர்கள் தடுக்கி விழுவார்களே என்று காவலர் சொன்ன காரணம் நியாயமானதுதான். ஆனால் இவ்வளவு பெரிய நகரத்தில் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஒவ்வொரு பகுதியிலும் ஐம்பதடி சமதரையை மாலை ஒரு மணிநேரம் வண்டியில்லாமல் விட்டால் போதும். இதை நான் உண்மையிலேயே கேட்கிறேன். எங்களுக்கு அப்பாவின் பழைய குடியிருப்புச் சாலைகள் இருந்தன, மரநிழலோடு, ஞாயிறு காலைகளில் ஆள் நடமாட்டம் குறைவாக. மற்ற நாட்களில் அபார்ட்மெண்ட் பார்க்கிங். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்கும் ஒரு முறை போனோம், அதிகாலையில் நன்றாக இருந்தது, ஆனால் அதற்காக நகரத்தின் மறுமுனை வரை வாரா வாரம் போக முடியாது.

பார்க்கிங்கில்தான் எங்களுக்கு அந்தப் பயமும் நேர்ந்தது. சாலையிலிருந்து கார் ஏற ஒரு சரிவு உண்டு. ஜூன் மாதம், காலைத் தூக்கிக்கொண்டு மிதந்து போவதில் மகள் நன்றாகத் தேறியிருந்த நேரம். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சரிவின் தலையில் நின்று காலைத் தூக்கிவிட்டாள். பிரேக் இல்லாத வண்டி. கேட் திறந்திருந்தது. வாட்ச்மேன் அண்ணா நாற்காலியிலிருந்து பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார், அவருடைய முழங்கை சுவரில் உரசி ரத்தம் வந்தது. சாலைக்கு இன்னும் நான்கடி. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. சரிவு இருக்கிற இடத்தில் இந்த வண்டியை இறக்காதீர்கள், இறக்கினால் கேட்டை மூடிவிட்டு நீங்கள் கீழ்ப்பக்கம் நில்லுங்கள். ஃபோன் வீட்டில் இருக்கட்டும்.

ஹெல்மெட் முதல் நாளிலிருந்தே போடவேண்டும், பழக்கமாகிவிடும். தலைச் சுற்றளவை டேப்பால் அளந்து வாங்குங்கள். ஷூவும் அவசியம். இந்த வண்டிக்குக் கால்தான் பிரேக், செருப்போடு விட்டதில் முதல் வாரமே கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. டயர் எங்களுடையது ஃபோம், பஞ்சர் தொல்லை கிடையாது, ஆனால் கழுவிவிட்ட டைல்ஸ் தரையில் வழுக்குகிறது. காற்றடிக்கிற டயர் வைத்ததும் கிடைக்கிறது, கொஞ்சம் எடை கூடும், கரடான ரோட்டுக்கு அதுதான் மேல். மழைக்காலத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வண்டி பெரும்பாலும் கூடத்தில்தான் ஓடியது. அலமாரிக் கதவில் இன்னும் கீறல் இருக்கிறது.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்கிறேன். பிள்ளைக்கு நாலரை, ஐந்து வயது ஆகிவிட்டதென்றால் தனியாக வாங்காதீர்கள். சாதாரண சைக்கிளை வாங்கி, சைடு வீலோடு இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ்த்திக் கொடுங்கள். அதுவே பேலன்ஸ் பைக். 15 எம்.எம். ஸ்பேனர் போதும். அப்பா சொல்லச் சொன்ன குறிப்பு: வலது பெடல் வழக்கம்போலக் கழலும், இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துவிடாதீர்கள். ஸ்பேனர் இல்லையென்றால் தெருவோர சைக்கிள் கடையில் ஐந்து நிமிட வேலை.

மகளுக்குப் போன தீபாவளிக்கு 14 இஞ்ச் சைக்கிள் வாங்கினோம். கடைக்காரர் பழக்கத்தில் சைடு வீலை மாட்டிக்கொண்டிருந்தார், வேண்டாம் என்றதும் என்னை நம்பாமல் பார்த்தார். குடியிருப்புச் சாலையில் இறக்கினோம். முதல் மிதிக்கு மட்டும் அப்பா அவள் முதுகில் கைவைத்தார். இரண்டாவது தடவை கை எடுத்ததை அவள் கவனிக்கவே இல்லை. பேலன்ஸ் வந்துவிட்டது, பிரேக்தான் வரவில்லை. இரண்டு வருடம் காலாலேயே நிறுத்திப் பழகியவள், கைப்பிரேக்கை அழுத்த வேண்டும் என்ற நினைப்பு வர மூன்று வாரம் ஆனது. அதுவரை அப்பா முன்னால் ஓடிக்கொண்டே "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தினார், எழுபது வயதில்.

அந்தச் சின்ன வண்டிக்கு 1,500 ரூபாய் தருகிறேன் என்று பள்ளியில் ஒரு அம்மா கேட்டார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் அண்ணாவின் பேரனுக்கு அடுத்த மாதம் இரண்டு வயதாகிறதாம். நேற்று மாலை சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, சீட்டைக் கடைசிவரை இறக்கி முறுக்கிவிட்டு, டேப்பும் மகளின் அட்டைப் புத்தகமும் எடுத்துக்கொண்டு கீழே போனார்.