வெள்ளிக்கிழமை மட்டும் தெரியும் பாதை

பாரிஸில் இருக்கும் அக்காவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன், ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான ஷார்த்ரின் மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று. அங்கே கோயில் தரையில், ஜெபித்தபடி நடப்பதற்கு ஒரு வட்டப் பாதை இருக்கிறது. மற்ற நாட்களில் போனால் அதன் மேல் நாற்காலிகள் கிடக்கும். தவக்காலம் தொடங்கி அக்டோபர் கடைசி வரை, வெள்ளிக்கிழமைகளில்தான் எடுத்துவைக்கிறார்கள். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

1194-இல் பழைய கோயிலின் பெரும்பகுதி தீயில் போயிற்று. மாதாவின் ஆடை என்று போற்றப்படும் துணி தப்பியது. அப்புறம் எழுப்பிய கோயிலின் தரையில், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்தது இந்தப் பாதை. தமிழில் புதிர்ப்பாதை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. இதில் புதிரே கிடையாது. ஒரே வழி, முட்டுச்சந்து இல்லை. 13 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வட்டத்துக்குள் 11 சுற்று. நடந்தால் 260 மீட்டர்.

அம்மா, வேளாங்கண்ணியில் மாதா குளத்து மணல் பாதையில் முட்டி போட்டு வருவதாக நேர்ந்திருந்தாள். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அது நடக்கவில்லை. இங்கேயும் அந்தக் காலத்தில் முழங்காலிலேயே போவார்கள் என்று சொல்வதுண்டு. அவளுக்குப் பதிலாக நான் செய்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். கல்தரையைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஜெபமாலையோடு நடந்தேன். கல் ஜில்லென்றிருந்தது.

நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே, நடுவிலிருக்கும் ஆறிதழ்ப் பூ கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் அடுத்த வளைவு வெளியே தள்ளியது. மறுபடி கிட்டே, மறுபடி தூரம். 'அருள் நிறைந்த மரியே' எத்தனை சொன்னேன் என்ற கணக்கு தப்பிப்போனது. எதிரே, நடு வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. பாதையில் ஒரு ஆள்தான் நடக்கலாம். வழிவிடப் பாதையின் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கிய நான், திரும்ப எந்தக் கோட்டுக்குள் கால் வைப்பது என்று தெரியாமல் விழித்தேன். பாட்டி கைத்தடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

கடைசியில் வெளி ஓரச் சுற்றில், பூவை விட்டு ரொம்பத் தள்ளி நடக்கும்போது, இன்னும் பாதி இருக்கும் என்றுதான் நினைத்தேன். சில திருப்பங்கள்தான்; பூவுக்குள் நின்றேன்.

நடுக்கல்லில் மழுங்கிய ஆணித் தலைகள் தெரிகின்றன. அங்கே பதித்திருந்த உலோகத் தகட்டை 1792-இல், புரட்சிக் காலத்தில், பீரங்கி வார்க்கப் பெயர்த்துவிட்டார்கள். அந்தத் தழும்பை மிதிக்க மனம் வரவில்லை. ஓர் இதழுக்குள் ஒதுங்கி நின்று, அம்மாவுக்காகச் சொல்ல வைத்திருந்ததைச் சொன்னேன். வந்த வழியே முழுசாக நடந்து வெளியே வந்தேன்.

ரயிலில் உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"முட்டி போட்டியாடி?"

"இல்லம்மா, நடந்தேன்."

"சரி, அது உன் கணக்கு. வேளாங்கண்ணிக்கு எப்ப வர்ற?"