கவரிங் லெட்டரில் எழுதாமல் விட்ட வேலை

கோவையில் காஸ்ட்யூம் டிசைன் படித்து முடித்து, 2014 மே மாதம் தக்கலைக்குத் திரும்பினேன். அந்தக் கோடை முழுக்கத் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டரை வாங்கியதிலிருந்து அனுப்பும் வரை கவனிக்கும் வேலை, கேட்டு விண்ணப்பித்தேன். இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கவரிங் லெட்டர்தான், நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றுவேன். சிறு வயது முதலே ஃபேஷன் மீது எனக்குத் தீராத ஆர்வம் என்று தொடங்கி, கடின உழைப்பாளி, எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்வேன் என்று போகும். ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சித்தியின் தையல் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். கோடை வந்தால் எங்கள் கடைக்குப் பள்ளிச் சீருடையும் புதுநன்மை உடுப்பும்தான் சீசன். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கான வெள்ளை கவுன்கள் அவை. மேலே நெட், நடுவே சாட்டின், உள்ளே காட்டன் லைனிங். முந்தின வருடம் தைத்துக் கொடுத்த ஒரு கவுனை, தங்கச்சிக்குச் சரிசெய்து கேட்டு ஓர் அம்மா கொண்டுவந்தார். ஒரே தடவைதான் துவைத்திருக்கிறார். லைனிங் சுருங்கி, சாட்டினை உள்ளே இழுத்து, கீழ்மடிப்பு முழுக்க உப்பி நின்றது. சித்திக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. நான் அதே லைனிங்கில் ஒரு மீட்டர் வெட்டி, ஊறவைத்து, காயவைத்து, அளந்து பார்த்தேன். 96 சென்டிமீட்டர்தான் இருந்தது. அதற்கப்புறம் லைனிங் துணி வந்தால் ராத்திரியே தண்ணீரில் போட்டு, மறுநாள் உலர்த்தி, இஸ்திரி போட்டுத்தான் கத்திரியை எடுப்போம்.

குழந்தைகள் உடுப்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு மறுபடியும் அதே பழைய கடிதத்தை அனுப்பப் போனபோது சித்தி கேட்டார், அதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று. வாசித்துக் காட்டினேன். “கண்டதையும் எழுதாத மக்களே, உனக்க கையால செய்ததை எழுது” என்றார்.

சரி என்று அன்றைக்கு முதலில் தமிழில் எழுதினேன். நேரே இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால், எங்கோ படித்த வாக்கியங்கள்தான் கைக்கு வருகின்றன. தமிழில் எழுதியபோது கவுன் வந்தது, லைனிங் வந்தது, 96 வந்தது. அதை அப்படியே இங்கிலீஷில் மாற்றினேன். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறேன், அவர்கள் செய்யும் குழந்தை உடுப்புக்கும் நான் தைத்ததற்கும் என்ன தொடர்பு, எப்போது வேலையில் சேரலாம். அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் முடிந்தது.

நேர்காணலில் முதல் கேள்வியே அந்த 96 பற்றித்தான். ஏற்றுமதியில் இது அன்றாடச் சோதனை என்று அங்கே போன பிறகுதான் முழுதாகப் புரிந்தது. துணியில் அளவுக்குறி போட்டு, துவைத்து, திரும்ப அளந்து, சுருங்கிய சதவீதத்துக்கு ஏற்றபடி பேட்டர்னை, அதாவது துணி வெட்டும் அளவு மாதிரியை, கூட்டுவார்கள். நான்கு சதவீதத்தைக் கவனிக்காமல் வெட்டினால், பத்தாயிரம் உருப்படி ஆர்டரில் பத்தாயிரமும் போய்விடும்.

இப்போது கடிதங்கள் என் மேசைக்கு வருகின்றன. தீராத ஆர்வம் என்ற வரியை வாரத்துக்குப் பத்து தடவையாவது வாசிக்கிறேன். எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, நானும் அங்கிருந்து வந்தவள்தானே. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற ஆளை எனக்குத் தெரியவில்லையே என்று வருத்தமாக இருக்கும்.

போன வருடம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். சொந்த மாவட்டம் என்பதால் போன் செய்தேன். பேச்சுவாக்கில், அம்மா தலையணை உறைகளுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறார், பீஸ் கணக்கில் கூலி, பத்து வயதிலிருந்து தானும் கூடப் போடுகிறேன் என்றாள். ஒரு பூவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “சாட்டின் தையல்னா இருபது நிமிஷம், நடுவுல முடிச்சு வச்சா இன்னும் அஞ்சு” என்றாள். விலை போடும் வேலையில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத்தான் எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. கடிதத்தில் இது ஒரு வரிகூட இல்லை. ஏன் எழுதவில்லை என்றதற்கு, “அது வீட்டு வேலைதானே அக்கா” என்றாள்.

எனக்கு மனசு தாங்கவில்லை. 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து, நம் ஊரில் ஊசியும் நூலும் பெண்களுக்குக் கூலி தந்திருக்கின்றன. மார்பை மறைக்கும் தோள்சீலை போடும் உரிமைக்காகப் பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்த மண் இது. உடுப்பைப் பற்றி நம் பெண்களுக்குத் தெரிந்ததை வேறு யாரிடம் போய்க் கேட்பது? இதையெல்லாம் அவளிடம் கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன்.

அப்புறம், கடிதத்தைத் திரும்ப எழுதச் சொன்னேன். அவள் போட்ட பூ ஒன்றை முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து அதோடு வைக்கவும் சொன்னேன். இரண்டு நாளில் வந்தது. பின்பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். ஒரு நூல் நுனிகூட வெளியே தெரியவில்லை, எல்லாவற்றையும் தையலுக்கு அடியில் செருகி முடித்திருந்தாள்.