அம்மா ஏறிய மேடை

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அக்கா மகளின் நடன நிகழ்ச்சி. பெங்களூரில் ஐந்து வருடமாக நவீன நடனம் கற்கிறாள். ஊரில் நடத்தப்போவதாகச் சொன்னபோது, "யாரு வருவா?" என்று கேட்டது நான்தான். முந்நூறு நாற்காலி போட்டும் போதவில்லை.

ஆடியவர்கள் பதினொரு பேர். அவளும் தோழிகள் நாலு பேரும் போக, மற்ற ஆறு பேரும் எங்கள் தெருப் பெண்கள். சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறவர்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. வயது 61.

ஒரு மாதம், சாயங்காலமானால் நெல் காயவைக்கும் களத்தில் ஒத்திகை. அக்கா மகள் ஸ்டெப் சொல்லிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவளோ என் அம்மா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பாட்டி, பெங்களூரா மாம்பழத்தை எப்படி வெட்டுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்றாள். இடது கையில் பழம் உருளும், வலது கையில் கத்தி இறங்கும், கொட்டை தனியே விழும். அதையே மெதுவாக, இன்னும் மெதுவாகச் செய்யச் சொன்னாள். கடைசியில் கத்தியும் இல்லை, பழமும் இல்லை. அம்மாவின் மணிக்கட்டு மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கம் பாரதக் கூத்து 18 நாள் நடக்கும். துரியோதனன் படுகளத்துக்கு மண்ணில் ஆளைவிடப் பெரிய உருவம் செய்து கிடத்துவார்கள். பாஞ்சாலி வேஷமும் ஆண்தான் கட்டுவார். சின்ன வயதிலிருந்து அம்மா கோணிப்பையை விரித்து விடிய விடியப் பார்த்தவள். மேடைப் பக்கம் போனதே இல்லை. நடனக் கலைஞர் சந்திரலேகா 1980களிலேயே பரதத்தோடு களரியையும் யோகாவையும் சேர்த்தார் என்று அக்கா மகள் சொல்வாள். சரி, அந்த வரிசையில் மாம்பழம் வெட்டும் கையும் சேரட்டும்.

தோழிகள் தரையில் விழுந்து உருண்டு ஆடிய நடுப்பகுதி கொஞ்சம் நீளம். லைட்டும் கண்ணைக் கூசியது. அப்புறம் ஆறு பேரும் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு நின்றது. மூச்சுச் சத்தமும் கண்ணாடி வளையல் சத்தமும் மட்டும்தான். எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மா, மடியில் பேரன் தூங்க, தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. செருப்பைக் கழற்றும்போது அக்கா மகளிடம் கேட்டாள்: "அடுத்து புளி தட்டறதை வெச்சுக்கலாமா கண்ணு?"