கரடிக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் 1945இல் வெளியிட்ட முதல் கவிதைத் தொகுப்பில் ஒரு சிறுமி வருகிறாள். வீட்டு முன்பக்கத்திலேயே வளர்ந்தவள், ரோஜாவைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவள். பின்பக்கம் போகணும் அவளுக்கு, களை மண்டிக் கிடக்கிற இடத்துக்கு, சந்தில் ஆடுகிற ஏழைப் பிள்ளைகளிடம். அவர்கள் யாரும் எட்டே முக்காலுக்கு வீடு திரும்ப வேண்டியதில்லை. அந்தப் பொண்ணு பெரியவளானா கெட்டுப்போவா, அந்தப் பையன் என்னைக்காவது ஜெயிலுக்குத்தான் போவான் என்கிறாள் அம்மா. (போன குளிர்காலத்தில் இவர்கள் வீட்டுப் பின்கேட்டையே விற்றுவிட்டவன் அவன்!) சிறுமி அசரவில்லை. கெட்ட பொம்பளையாகத்தான் இருக்கட்டுமே, கறுப்பு லேஸ் காலுறை போட்டு, முகத்தில் சாயம் பூசி, தெருவில் மிடுக்காக நடப்பேன் என்கிறாள். அதோடு கவிதை முடிகிறது. அவள் போனாளா, போய்க் கெட்டாளா, அதெல்லாம் கிடையாது.

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து கவிதை படிக்கிறோம், நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவர்கள், பாதிப்பேர் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடுகளிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறார்கள். எட்டே முக்கால் என்றதும் ஒரே சிரிப்பு. "எங்களுக்கு ஆறு மணிதான்க்கா, கரடி வந்துரும்னு சொல்லுவாங்க." கரடி உண்மையிலேயே வரும், அதில் பொய் இல்லை, தேயிலைக்குள் காட்டெருமையும் நிற்கும். ஆனால் இன்னொருத்தி சொன்னாள்: "நான் வயசுக்கு வந்ததுக்கு அப்புறம் கரடி அஞ்சரைக்கே வந்துடுதுக்கா. எங்க தம்பிக்கு மட்டும் ஏழு மணிக்கு வருது." இதற்குமேல் அந்தக் கவிதைக்கு உரை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

புரூக்ஸ் வளர்ந்தது சிகாகோவின் தெற்குப் பகுதியில். 1910க்கும் 1970க்கும் இடையில் அறுபது லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்கத் தென் மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் இருந்த நகரங்களுக்குப் போனார்கள். சிகாகோவில் அவர்களுக்கு எல்லாத் தெருவிலும் வீடு கிடைத்துவிடவில்லை, கறுப்பினத்தாருக்கு விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள், 1948இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்றது. ஆக, ஒரு குறுகலான பகுதிக்குள் கூட்டம் கூட்டமாக அடைந்து, ஒரு வீட்டைப் பல துண்டாக்கி, ஒரு துண்டில் ஒரு குடும்பம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குளியலறை. அதே தொகுப்பில் இதைப் பற்றியும் ஒரு கவிதை உண்டு. வெங்காய வாசனைக்கு நடுவில் கனவு ஒன்று மேலே எழும்புமா என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள், அதற்குள் ஐந்தாம் நம்பர்க்காரர் குளித்துவிட்டு வெளியே வர, வெதுவெதுப்பான தண்ணீராவது மிச்சமிருக்கட்டும் என்று இவர்கள் ஓடுவார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. 1950இல் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் கறுப்பினத்தவர் இவர்தான் என்பதைச் சொன்னேன், அது அவ்வளவாக ஏறவில்லை. ஐந்தாம் நம்பர் யாரு, ஆணா பெண்ணா என்றுதான் சண்டை.

கறுப்பினப் பெண்களின் கவிதைகளை அறிமுகப்படுத்துகிறவர்கள் பலரும் 'வலி' என்று தொடங்கி 'வலி' என்றே முடிக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. வலி இல்லையா, இருக்கிறது. ஆட்ரி லார்டின் ஒரு கவிதையில் பதினாலு வயதுப் பெண் தன் தோலே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்கிறாள், விடிவதற்குள் செத்துப்போனால் என்ன ஆகும் என்று கேட்கிறாள், அம்மாவோ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். ஆனால் அதே மூச்சில் முழங்கால் வெளுத்துக் கிடக்கிறதே, அடுத்த விருந்துக்குள் ஆடக் கற்றுக்கொள்ளணுமே, நாளைக்குப் போட நல்ல துணி இல்லையே என்றும் புலம்புகிறாள். அவன் இல்லாமல் வாழவே முடியாது என்று இவள் உருகுகிற பையன் இன்னும் ஒளிந்து ஒளிந்து விரல் சூப்புகிறவன். கணக்குக் குழுவில் அவனைவிட இவளுக்குத்தான் மார்க் அதிகம், எடுத்தது என்னவோ அவனைத்தான். இந்த இடத்தில் பிள்ளைகள் எழுப்பிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

இன்னொரு கறுப்பினக் கவிஞரான நிக்கி ஜியோவன்னி இதை 1968லேயே சண்டை போடுகிற மாதிரி எழுதிவிட்டார். நாளைக்கு என் வாழ்க்கையை எழுத வருகிற வெள்ளைக்காரர்கள் வீட்டுக்குள் கழிப்பறை இல்லாததைச் சொல்வார்கள், அம்மாவை முழுசாக என்னிடமே வைத்துக்கொண்டு பெரிய தொட்டியில் குளித்த சுகத்தைச் சொல்லமாட்டார்கள், நான் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்பது அவர்களுக்குப் புரியவே போவதில்லை என்று. நீலகிரியில் பிறந்த எனக்கு இது நன்றாகவே புரிகிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் ஒழுகும் கூரையைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கூரை ஒழுகுவது உண்மைதான், அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே கூரைக்குக் கீழே மழைநாளில் நாலு அக்கா தங்கைகள் ஒரே போர்வைக்குள் கிடந்து வார்டனைப் போலவும் மாமாவைப் போலவும் பேசிச் சிரிப்பது அவர்கள் கட்டுரையில் வராது. இரண்டு வரலாறும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அடிமைச் சந்தையில் நின்ற பாட்டிகளின் கதையை எடுத்து எங்கள் கதை மேல் போர்த்திக்கொள்வது அசிங்கம். வெளியாள் எதைப் பார்க்கிறான், எதை விடுகிறான் என்பது மட்டும் ஒத்துப்போகிறது.

இந்தப் பிள்ளைகளில் சிலர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கோயம்புத்தூர் விடுதிக்கோ போய்விடுவார்கள். அங்கே கரடி கிடையாது, வார்டன் உண்டு. அதனால் பயமுறுத்தும் கவிதையைவிட மிடுக்காக நடக்க ஆசைப்படுகிறவளின் கவிதைதான் இவர்களுக்கு இப்போது தேவை என்று நினைக்கிறேன். பெற்றோர் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. கெட்டுப்போகச் சொல்லித் தருகிறேனாம்!

அடுத்து நாங்கள் படிக்கப்போவது ஈவ் யூயிங். 2017இல் வந்த தொகுப்பு, அதுவும் சிகாகோதான். என் முடியை ஏன் தொடக்கூடாது என்று ஒரு கவிதை இருக்கிறது அதில். இரட்டைச் சடை மடித்துக் கட்டி ரிப்பன் வைக்காவிட்டால் பள்ளி வாசலிலேயே நிறுத்தப்படுகிறவர்கள் இவர்கள், முடியைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கும்.