விருந்தாளி இடத்தில் என் கார்

காலை ஆறரைக்குப் பால் வாங்கப் படியிறங்கினேன். காரைக் காணவில்லை, தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. திருட்டு என்றே நினைத்து போலீசை அழைத்தேன். இங்கே கலிபோர்னியாவில், தனியார் இடத்திலிருந்து காரை இழுத்துப் போகிறவர்கள் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். வண்டி எண்ணைக் கேட்ட பெண்மணி, "திருடு போகவில்லை, இழுத்துப் போயிருக்கிறார்கள்" என்றார். நிம்மதியா எரிச்சலா என்று எனக்கே புரியவில்லை.

மைத்துனர் வந்திருந்தார். அவருடைய வாடகைக் காருக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டு, நான் போய் விருந்தாளிகளுக்கான இடத்தில் நிறுத்தியிருந்தேன். விருந்தாளியின் கார் பத்திரமாக இருந்தது. குடியிருப்பவன் கார் போய்விட்டது!

இழுத்துப் போவோம் என்று எச்சரிக்கும் அறிவிப்புப் பலகை குறைந்தது 17க்கு 22 அங்குலம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அளவுநாடாவோடு இறங்கினேன். பாவிகள், சரியாகத்தான் வைத்திருந்தார்கள். வளாகத்தை விட்டு வண்டி வெளியேறுமுன் நாம் ஓடிப் பிடித்தால், வழக்கமான இழுவைக் கட்டணத்தில் பாதிக்கு மேல் கேட்க முடியாது, உடனே விட்டுவிட வேண்டும். நான்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனே. 24 மணி நேரத்துக்குள் பணம் கட்டினால் வண்டியை வைத்திருந்ததற்கு ஒரு நாள் கட்டணத்தோடு போகும். அந்த மட்டில் தப்பித்தேன்.

இழுத்த வண்டிகளை வைத்திருக்கும், கம்பி வேலி போட்ட முற்றத்துக்கு மைத்துனர்தான் வாடகைக் காரில் அழைத்துப் போனார். "நானே கட்டுகிறேன், மாப்பிள்ளை" என்று வழியெல்லாம் பர்ஸை எடுத்துக்கொண்டே இருந்தார். எடுத்தாரே தவிர, திறக்கவில்லை.