கிடாரம் ஏற்றப் போய் வயரிங் படித்த கதை

என் மனைவியின் தம்பி கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறான். வெள்ளவத்தையில் சமைத்து பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் இறக்குவது கூப்பிடு தூரம்தான். அதற்கும் லொறிக்காரர்கள் அரைநாள் கூலி கேட்பார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திரும்பத் திறந்தபோதும், சொந்தமாக ஒரு சின்ன லொறி என்பது அவனுக்குக் கனவாகவே இருந்தது. அப்போதுதான் வத்தளையில் ஒருவர் ட்ரெயிலர் ஒன்றை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு வந்தான். ஒற்றை அச்சு, பிரேக் கிடையாது, பதிவுப் புத்தகமும் நம்பர் பிளேட்டும் சரியாக இருந்தன.

"அத்தான், உங்கட எக்ஸ்-ட்ரெயில் கார் கிழமை நாளில சும்மாதானே நிக்குது. ஒரு கொக்கி போட்டா முடிஞ்சுது" என்றான்.

ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில் தொடங்கி மூன்று மாதம் ஓடியது.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் வெல்டிங் வேலை செய்பவரிடம் கேட்டேன். பம்பருக்குள் குறுக்கே ஓடும் இரும்பில் ஒரு பெட்டி இரும்பை ஒட்டி, முனையில் ட்ரெயிலர் வந்து மாட்டும் உருண்டையைப் பூட்டித் தருவதாகச் சொன்னார். மலிவுதான். ஆனால் அந்தக் குறுக்கு இரும்பு இருப்பது இடி வாங்கி நசுங்குவதற்கு, இழுப்பதற்கல்ல. ட்ரெயிலரின் இழுவை முழுவதும் பின்பக்க செசியின், அதாவது அடிச்சட்டத்தின், இரண்டு நீள இரும்புகளுக்குப் போய்ச் சேரவேண்டும். அதனால் நன்றி சொல்லிவிட்டு பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.

வாகன உதிரிப்பாகம் என்றால் கொழும்பில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது பஞ்சிகாவத்தைதான். நாலாவது கடையில், என் மொடலுக்கென்றே செய்த பழைய டோ பார், அதாவது ட்ரெயிலரை இழுக்கும் இரும்பு, ஒன்று கிடைத்தது. துருவைச் சுரண்டிப் பார்த்தால் சின்னத் தகடு ஒன்று, அதில் இரண்டு எண்கள். ஒன்று டி மதிப்பு, அதாவது பார் தாங்கக்கூடிய இழுவை, கிலோநியூட்டனில். மற்றது எஸ், அதாவது உருண்டையின்மேல் செங்குத்தாக அழுத்தக்கூடிய எடை, கிலோவில். இந்தத் தகடு இல்லாத பாரை வாங்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

டி மதிப்பைக் கணக்கிடுவது பள்ளிக்கூடக் கணக்குத்தான். காரின் உச்ச எடையையும் ட்ரெயிலரின் உச்ச எடையையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் பிரித்து, 9.81ஆல் பெருக்கவேண்டும். எனக்கு கார் 1,900 கிலோ, ட்ரெயிலர் சுமையோடு 500 கிலோ. கிட்டத்தட்ட 3,880 நியூட்டன் வந்தது, அதாவது 3.9 கிலோநியூட்டன். தகட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் பார் தாங்கினால் போதாது, காரும் தாங்கவேண்டும். பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு கார்க் கம்பனி தனியாக ஓர் எல்லை வைத்திருக்கும். நிறுத்தும் வேலை முழுவதும் காரின் தலையில்தானே! ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளின் கையேட்டில் அந்த எண் பெரும்பாலும் கண்ணில் படாது. வெளிநாட்டுச் சந்தைக்கான அதே மொடலின் கையேட்டைத் தேடிப் பார்த்துத்தான் மனம் ஆறியது. காப்புறுதி நிறுவனத்துக்கும் கடிதம் எழுதி, படங்களையும் பில்லையும் அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் எழுத ஒன்றுமில்லை.

பாரைப் பூட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நுகேகொடையில் நண்பனின் கராஜில். நான் பயந்த அளவுக்கு இல்லை. பின் பம்பரைக் கழற்றும்போது சில்லு வளைவுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை மறந்துவிட்டு இழுத்ததில் மூன்று கிளிப் உடைந்தது, அவ்வளவுதான் சேதம். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் சவர்க்காரத் தண்ணீர் அடித்துக் கழற்றினால் சைலன்சர் தாழ்ந்து கொடுக்கும், ஸ்பேனர் நுழைய இடம் வரும். பாரின் இரண்டு கைகளும் செசிக்குள் போய் உட்கார்ந்தன. துளைகள் ஏற்கெனவே இருந்தன, துளைபோட வேண்டியிருக்கவில்லை.

ஒரேயொரு விதியை நண்பன் விடவேயில்லை. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் முறுக்கி, பாரை நேராக்கிய பிறகே இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முதலே இறுக்கினால் மறுபக்கத் துளை பொருந்தாது, அப்புறம் சுத்தியலைத் தேடவேண்டிவரும். தலையில் 8.8 என்று பொறித்த 12 மில்லிமீற்றர் போல்ட், டோர்க் ஸ்பேனரில் 80 நியூட்டன் மீற்றர். வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் சோறு. அதனால் பாரைச் சுரண்டி, நாக (சிங்க்) ப்ரைமர் பூசி, அதற்குமேல் இரண்டு தடவை கறுப்பு பெயின்ட் அடித்திருந்தேன். உருண்டைக்கும் கிரீஸ் பூசி மூடி போட்டாயிற்று. இந்த பெயின்ட்டையும் கிரீஸையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வயரிங். இதை ஒரு கராஜில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது, சொக்கெட்டும் அழகாக நின்றது. பிளக்கைச் செருகி பார்க் லைட், பிரேக், இரண்டு சிக்னல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம், எல்லாம் எரிந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்ததுதான் பிழை.

முதல் சவாரி இரவு பத்து மணிக்கு, மழையில், காலி கிடாரங்களோடு. பம்பலப்பிட்டிச் சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். டொர்ச்சைப் பின்னால் அடித்துக்கொண்டே, வெசாக் பந்தல் கட்டிக்கொண்டு போகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். இறங்கிப் பார்த்தேன். இடது சிக்னல் துடிக்கத் துடிக்க பார்க் லைட் மங்கி மங்கி எரிகிறது. மச்சான் பிரேக்கை மிதித்தால் சிவப்புக்குப் பதிலாக மஞ்சள் மினுங்குகிறது. பொலிஸ்காரர் சிரித்துவிட்டு, மெதுவாக வீட்டுக்குப் போகச் சொன்னார். வேறொரு நாள், வேறொருவர் என்றால் தண்டப்பணம்தான்.

கராஜில் கேட்டால், "பல்ப் மாத்துங்க" என்றார்கள். மாற்றினேன். அடுத்த கிழமை களனிப் பாலத்தில் டேஷ்போர்ட் வெளிச்சமே செத்துப்போனது. பின் பார்க் லைட்டுக்கும் டேஷ்போர்ட்டுக்கும் ஒரே ஃபியூஸ். அது எரிந்தால் இரண்டும் போகும். முன் லைட்டை மட்டும் நம்பி, ஹசார்டைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் மாளிகாவத்தை நானாவிடம் போய்ச் சேர்ந்தேன். அறுபது வயது இருக்கும். வண்டி வயரிங் மட்டுமே செய்கிறார். ஃபியூஸ் பெட்டியைத் தொடவே இல்லை. ட்ரெயிலரை மாட்டச் சொல்லி, எல்லா லைட்டையும் ஒரே நேரத்தில் போடச் சொல்லி, மல்டிமீற்றரின் ஒரு முனையை பட்டரியின் கறுப்பு முனையிலும் நீள வயர் போட்ட மறு முனையை ட்ரெயிலரின் லைட் எர்த்திலும், அதாவது கரண்ட் திரும்பும் வயரிலும், வைத்தார். ஐந்து வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"தம்பி, இதில சைபர் நிக்கணும். கரண்ட் போறதுக்கு அஞ்சு வழி போட்டிருக்காங்க. திரும்பி வர்ற வழியக் காணோம்."

ஏழு முனைச் சொக்கெட்டில் ஒன்றாம் முனை இடது சிக்னல், நாலாம் முனை வலது சிக்னல், ஐந்தும் ஏழும் வலது, இடது பார்க் லைட், ஆறு பிரேக். இரண்டு பின் பனி விளக்குக்கு. என் காரில் அது இல்லாததால் வெறுமையாகவே கிடக்கிறது. மிஞ்சும் மூன்றாம் முனைதான் எர்த், வழக்கமாக வெள்ளை வயர். மற்ற முனைகளில் போகிற கரண்ட் எல்லாம் இந்த ஒரு முனை வழியாகத்தான் திரும்பவேண்டும். பிரேக் இரண்டும் 42 வொட், பார்க் லைட் 10, நம்பர் பிளேட் 5, சிக்னல் 21. மொத்தம் 78 வொட், 12 வோல்ட்டில் ஆறரை அம்பியர்.

கராஜ்காரர் அந்த வெள்ளை வயரை பம்பர் தாங்கியின் பெயின்ட் அடித்த ஸ்க்ரூ ஒன்றில் முறுக்கி விட்டிருந்தார். இரும்போடு இரும்பு தொடுகிறது, மிச்சம் உருண்டை வழியாகத் திரும்பும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். உருண்டையிலோ நான் பூசிய கிரீஸ், பாரில் நான் பூசிய பெயின்ட் மூன்று படை. ஒரு லைட் மட்டும் எரியும்போது அந்த மோசமான எர்த் எப்படியோ சமாளித்தது. நாலும் சேர்ந்து எரிந்தபோது முடியவில்லை. வழி கிடைக்காத கரண்ட் மற்ற பல்பின் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, அந்த வயர் வழியே காருக்குத் திரும்பி, காரின் பிரேக் லைட் ஊடாக எர்த்தைத் தேடிப் போயிருக்கிறது. சிக்னல் போட்டால் பிரேக் மினுங்குவதும், பிரேக் போட்டால் சிக்னல் மினுங்குவதும் இதனால்தான். பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத லைட்டுகள் கூட்டாகக் கூத்தடித்தால், பல்பை மாற்றாமல் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

ஃபியூஸ் எரிந்தது வேறு கதை. டிக்கியின் அடித்தகட்டில் துளைபோட்டு, ரப்பர் வளையம் போடாமலே வயரை வெளியே இழுத்திருந்தார்கள். தகட்டு விளிம்பு உரசி உரசி பார்க் லைட் வயரின் தோலைச் சீவிவிட்டது. நானா அதைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு ஒன்றும் பேசவில்லை. பேசாதது பேசியதைவிட மோசமாக இருந்தது.

முழுவதையும் உருவிவிட்டுப் புதிதாகச் செய்தார். அரை நாள் என்று நினைத்தது ஒன்றரை நாளாயிற்று. காரின் லைட் வயர்களை நேரடியாக ட்ரெயிலருக்குப் பிரித்துவிடாமல், நடுவில் ஒரு பைபாஸ் ரிலேப் பெட்டி வைத்தார். காரின் வயர்கள் அந்தப் பெட்டிக்குச் செய்தி மட்டும் சொல்லும். ட்ரெயிலருக்கான கரண்ட் பட்டரியிலிருந்து 15 அம்பியர் ஃபியூஸோடு தனியாக வரும். இப்போது ட்ரெயிலரில் எது ஷோர்ட் ஆனாலும் காரின் டேஷ்போர்ட் இருளாது. எர்த்துக்கு மட்டும் இரண்டரை சதுர மில்லிமீற்றர் வயர் போட்டு, செசியில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, நட்சத்திர வொஷரோடு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். கிரீஸ் இறுக்கிய பிறகு, அதற்கு முன்னால் அல்ல. வயர்களை முறுக்கி டேப் சுற்றுவது அவரிடம் கிடையாது. நசுக்கிப் பொருத்தி, மேலே சுருங்கும் குழாய்.

காரின் வயர் நிறங்களும் சொக்கெட்டின் நிறங்களும் ஒத்துப்போகாது. ட்ரெயிலரில் எந்த நிறம் கைக்கு வந்ததோ அந்த நிறத்தில் இழுத்திருந்தார்கள். நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு வயரையும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தே இணைத்தார். என் கார் பழசு என்பதால் அது சரிவந்தது. புதிய வண்டிகளில் லைட்டுகளைக் கணினிதான் பார்த்துக்கொள்கிறது. அங்கே டெஸ்ட் லேம்ப் குத்தினாலே ஏதாவது பெட்டி சாகக்கூடும். அப்படியான வண்டிக்கு, அந்த மொடலுக்கென்று வரும் வயரிங் தொகுதியை வாங்குவதே நல்லது என்றார்.

கடைசியில் மறுபடியும் எல்லா லைட்டையும் போட்டு அளந்தார். 0.1 வோல்ட். பாருக்குக் கொடுத்ததைவிட வயரிங்குக்கு, அதுவும் இரண்டு தடவை கொடுத்ததில், அதிகம் போயிருந்தது. முதலிலேயே இவரிடம் வந்திருந்தால் என்று மனைவி கணக்குப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை.

லைட் சரியான பிறகு தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்டி வீதியில் பேலியகொடை தாண்டி 60ஐத் தொட்டதும் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கியது. வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் கட்டினேன். மச்சான் இரண்டு காஸ் சிலிண்டரையும் பெரிய கிடாரத்தையும், இறக்க லேசு என்று, கடைசியில் வைத்திருக்கிறான். பின்பாரம் கூடியதில் உருண்டையின்மேல் அழுத்தமே இல்லை. வீட்டில் எடை பார்க்கும் தராசை எடுத்துவந்து, மேலே ஒரு பலகைத் துண்டை நிறுத்தி ட்ரெயிலரின் மூக்கை அதில் வைத்தால் எடை தெரியும். சுமையோடு 500 கிலோ என்றால் 30 கிலோ அளவில் நிற்கும்படி வைக்கிறேன். கனமானவை அச்சுக்கு மேலே, கொஞ்சம் முன்னே தள்ளி. கதிரைகள்தான் பின்னால். பாதுகாப்புச் சங்கிலியை உருண்டையில் சுற்றாமல், பாரிலுள்ள வளையத்தில் மாட்டுகிறோம்.

போன சனிக்கிழமை மறுபடியும் இடது சிக்னல் எரியவில்லை. எர்த்தாகத்தான் இருக்கும் என்று மல்டிமீற்றரோடு குனிந்தேன். சொக்கெட் மூடியின் ஸ்பிரிங் எப்போதோ உடைந்திருக்கிறது. உள்ளே, அந்த வெறும் இரண்டாம் முனையில் தொடங்கி ஒன்றாம் முனை வரைக்கும், வேட்டாவளியன் குளவி மண்ணால் அழகாகக் கூடு கட்டி வைத்திருந்தது. "குடி வந்திட்டுது அத்தான்" என்றான் மச்சான். ஈர்க்கால் தோண்டி எடுத்தோம். புது மூடிக்கு பஞ்சிகாவத்தைக்குப் போகவேண்டும்.